ஒருக்கா

மாங்குளம் ஆஸ்பத்திரி, வெளிநோயாளர் பகுதி.
கதவுக்கு இஞ்சால தமிழ், அங்கால சிங்களம்,
நடுவில ஒரு பிளாஸ்டிக் கதிரையில நான்.
வேலைப் பட்டியலில சிற்றூழியர் எண்டுதான் கிடக்கு.
கூட்டுறதும் துடைக்கிறதும் ஏழரைக்கு முடியும்.
எட்டு மணிக்கு டொக்டர் வந்தால்
நான் வாய்.

"பின்னேரம் பின்னேரம் மேல் உளையுது."
"நெஞ்சுக்க ஏதோ கட்டிக்கொண்டு நிக்குது."
"என்னெண்டு சொல்ல, ஒரு மாதிரிக் கிடக்கு."
உளைவையும் எரிவையும் குத்தையும் கடுப்பையும்
ஒரே 'ரிதெனவா'வுக்குள்ள போட்டுக் கட்டுவன்.
டொக்டர் ஹிமாஷா பேனையை மூடிப்போட்டுப் பார்ப்பா:
இவ்வளவு நேரம் சொன்னது இவ்வளவுதானா?
ஒரு மாதிரிக்கு மட்டும்
முகத்தைச் சுழிச்சுக் காட்டுவன்.
அது விளங்கும்.

"எப்பிடி?" எண்டால்
"இருக்கிறம்" எண்டுவார் ஒலுமடுவில இருந்து வாற மனிசன்.
'இன்னவா' எண்டு சொன்னன்.
டொக்டர் திருத்தினா: 'ஒஹே இன்னவா'.
ஏதோ இருக்கிறம். அந்த ஏதோவை நான் விட்டிட்டன்.
கம்புறுப்பிட்டியில தன்ர அப்பாவும்
போனில இப்பிடித்தான் சொல்லுறவராம்,
சீனி எவ்வளவு எண்டு கேக்கிற நாளில.

எனக்குச் சிங்களம் பள்ளிக்கூடத்தில வரேல்லை.
முகாமில ஒலிபெருக்கி படிப்பிச்சது.
'போலிமட்ட என்ன', வரிசைக்கு வாங்கோ.
'நம கியன்ன', பேரைச் சொல்லுங்கோ.
மரியாதையான சொல்லுகள்தான்,
அது பிறகு தெரிஞ்சது.
ஒவ்வொரு அறிவிப்புக்கும் முன்னால
ஒரு பேர் கேக்கும்: கருணாகர... கருணாகர...

எங்களுக்கு அடுத்த கூடாரத்தில
கருணாகரன் எண்டு ஒருத்தர்,
விசுவமடுவில சைக்கிள் கடை வைச்சிருந்தவர்.
பேர் கேட்ட உடன
சாரத்தை அவிட்டு இறுக்கிக் கட்டுவார்,
மனிசியிட்டத் தண்ணி வாங்கிக் குடிப்பார்,
கம்பி மட்டும் போவார்.
வேற ஆக்களின்ர இலக்கம் வாசிப்பாங்கள்.
திரும்பி வந்து இருப்பார்.
பதினொரு நாள். நாளைக்கு நாலைஞ்சு தரம்.
பன்னிரண்டாம் நாள்
பவுசரோட வந்த மலையகப் பொடியன் ஒருத்தன் சொன்னான்:
"அண்ணை, அது பேரில்லை.
தயவுசெய்து எண்டு சொல்லுறாங்கள்."

அண்டைக்கு அந்த வரிசையே சிரிச்சது.
வயிறு நோகச் சிரிச்சம், கனகாலத்துக்குப் பிறகு.
கருணாகரண்ணையும் சிரிச்சார்.
அடுத்த கருணாகரவுக்கும் எழும்பினார்.

டொக்டர் ஒரு கொப்பி வைச்சிருக்கிறா.
தமிழைச் சிங்கள எழுத்தில எழுதுவா.
இண்டைக்குக் கேட்டா,
கருணாகரவுக்குத் தமிழில என்ன?
எனக்கு நாக்கு எழும்பேல்லை.
தயவுசெய்து எண்டு சுவரில கிடக்கு,
தயவுசெய்து துப்ப வேண்டாம்.
வாயால ஆர் சொல்லுகினம்?
கறிவேப்பிலை கேட்டு வாற பக்கத்து வீட்டுக்காரி சொல்லமாட்டா.
பஸ்ஸில இடம் கேக்கிறவரும் சொல்லார்.

"ஒருக்கா" எண்டன் கடைசியா.
ஒருக்கா நாக்கை நீட்டுங்கோ.
ஒருக்கா அரக்கி இருங்கோ.
"எக பாரக்? ஒரு தரமா?"
ஓம் மிஸ், ஒரு தரம்தான்.
கனக்கக் கேக்கேல்லை எண்டு காட்டத்தான்.
பேனையைக் கடிச்சுக்கொண்டு இருந்திட்டுச் சொன்னா:
"அப்ப அது எங்கட பொட்டக்."
பொட்டக் இன்ன, கொஞ்சம் இருங்கோ.
அவை கொஞ்சமாக் கேக்கினம்,
நாங்கள் ஒருதரம் கேக்கிறம்.
கருணாகரவை அவ கொப்பியில வெட்டினா.
நான் வெட்டச் சொல்லேல்லை.

பிறகு தானே கதவடிக்கு வந்து
மாத்தறை நாக்கால கூப்பிட்டா:
"நாப்பத்தேழு. ஒருக்கா வாங்கோ."
நாப்பத்தேழு நிமிர்ந்து பார்த்தார்,
கையில இருந்த பிளேன்ரீயை
அடிமட்டும் குடிச்சு முடிச்சார்,
கப்பை எங்க போடுறது எண்டு
என்னைக் கேட்டார்.